வெளி சர்வரிலிருந்து வரும் ஸ்கிரிப்டுக்கு ஹேஷ் பூட்டு போடுவது எப்படி?

2024 ஜூனில் பாலிஃபில்.ஐஓ விவகாரம் வெடித்தது. பழைய பிரவுசர்களிலும் புதிய வசதிகள் இயங்க உதவும் ஸ்கிரிப்டை வழங்கிய சேவை அது. அந்த டொமைன் பிப்ரவரியிலேயே கைமாறியிருந்தது. தளக்காரர்கள் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆனாலும் அதே முகவரியிலிருந்து நச்சுக் கோட் இறங்கி, மொபைலில் வந்தவர்களைச் சூதாட்டப் பக்கங்களுக்குத் திருப்பிவிட்டது. அந்த ஸ்கிரிப்டைச் சேர்த்திருந்த தளங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அன்றே என் தளத்தின் ஸ்கிரிப்ட் டேக்குகளை ஒவ்வொன்றாகப் பார்க்க உட்கார்ந்தேன். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. அதை டேக்கில் எழுதிவைத்தால், கோப்பு மாறியிருக்கும்போது பிரவுசர் அதை ஓட்டாது. இதுதான் ஹேஷ் பூட்டு.

முதலில், சிடிஎன் (கோப்புகளை வழங்கும் வெளி சர்வர்) முகவரியில் 'லேட்டஸ்ட்' என்று இருந்தால் எடுத்துவிட்டு, முழு வெர்ஷன் எண்ணைப் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அப்டேட்டிலேயே ஹேஷ் பொருந்தாமல் போகும்.

அப்புறம் அந்தக் கோப்பை இறக்கி, எஸ்எச்ஏ-384 என்ற முறையில் ஹேஷ் எடுங்கள். நான் ஒரு மாலை முழுக்க மாட்டிக்கொண்டது இங்கேதான். டெர்மினல் காட்டிய ஹேஷை அப்படியே ஸ்கிரிப்ட் டேக்கில் ஒட்டினேன். ஸ்கிரிப்ட் தடைபட்டு, என் தளத்தின் மெனு திறக்கவே இல்லை. காரணம், அது ஹெக்ஸ் வடிவம். பிரவுசர் கேட்பது பேஸ்64. ஒரே ஹேஷை எழுதும் இரண்டு முறைகள் இவை. எண்ணிப் பாருங்கள்: 96 எழுத்து இருந்தால் ஹெக்ஸ், 64 இருந்தால் சரியானது. ஓபன்எஸ்எஸ்எல் என்ற டெர்மினல் கருவியில் பைனரி ஆப்ஷனோடு ஹேஷ் எடுத்து, அதை பேஸ்64 ஆக மாற்றினால் போதும். ஆன்லைன் ஹேஷ் தளங்களை நான் தொடுவதில்லை. கோப்பை அவர்களே இறக்கிக் கணக்கிட்டால், எந்தக் கோப்புக்கான ஹேஷ் என்று நமக்கு எப்படித் தெரியும்?

பூட்டுவதற்கு முன், அந்தக் கோப்பை அந்த ஸ்கிரிப்ட் லைப்ரரியின் அதிகாரப்பூர்வ வெளியீட்டோடு ஒப்பிடுங்கள். இன்றைக்கே கெட்டுப்போன கோப்பைப் பூட்டினால், கெட்டதுதான் பத்திரமாக இருக்கும்.

ஸ்கிரிப்ட் டேக்கில் இன்டெக்ரிட்டி பண்பைச் சேர்த்து, முன்னால் 'எஸ்எச்ஏ384' என்று சிறிய எழுத்தில், ஹைஃபன் போட்டு, ஹேஷை ஒட்டுங்கள். சோதிக்க, ஹேஷில் ஒரே ஒரு எழுத்தை மாற்றிப் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். பிரவுசரின் கன்சோலில் சிவப்பு வரி வந்து ஸ்கிரிப்ட் நின்றால் பூட்டு வேலை செய்கிறது. எழுத்தைத் திரும்பச் சரிசெய்ய மறக்காதீர்கள்.

பின்சேர்க்கை: ஹேஷ் சரியாக இருந்தும் ஸ்கிரிப்ட் தடைபடுகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அதே டேக்கில் கிராஸ்ஆரிஜின் பண்பை 'அனானிமஸ்' என்று சேர்த்தீர்களா? வேறு டொமைனிலிருந்து வரும் கோப்புக்கு அது கட்டாயம். கூகுள் ஃபான்ட்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது பிரவுசருக்கு ஏற்ப வேறு வேறு சிஎஸ்எஸ் தருவதால் இந்தப் பூட்டு பொருந்தாது, பாலிஃபில்.ஐஓவும் அப்படித்தான் இயங்கியது. அந்த மாதிரிக் கோப்புகளை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.