ஞாயிறு மட்டும் ஓடும் காருக்கு
என்னுடைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஞாயிறு காலையில் மட்டும்தான் வெளியே வரும், அதனால் சர்வீஸுக்குக் கிலோமீட்டரை விட்டுவிட்டு காலண்டரைப் பார்க்கிறேன். முதல் தொல்லை பேட்டரி. கார் நின்றாலும் அலாரம், கடிகாரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டை உறிஞ்சும்; 12.6 வோல்ட் இருக்க வேண்டியது மல்டிமீட்டரில் 12.1 காட்டியது, அப்படியே கிடந்தால் உள்ளே இருக்கும் ஈயத் தட்டுகளில் சல்பேட் உப்பு படிந்து பேட்டரி செத்துவிடும். நிரம்பியதும் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர் ஒன்றை மாட்டினேன், சரியாகிவிட்டது. சும்மா ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், இன்ஜின் முழுதாகச் சூடாகாமல் ஆயிலில் ஈரம்தான் சேரும்.

அப்புறம், இன்ஜின் ஆயில் வருடம் ஒருமுறை, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. டயரில் பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடு) தேயவே இல்லையே என்று மெக்கானிக் சொன்னாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 3513 என்றால் 2013-ன் 35-ஆவது வாரம் தயாரானது, ஓடாமலே ரப்பருக்கு வயதாகிவிட்டது, யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.