டோக்கியோ டிஸ்னிசீ போகிறீர்களா? கோட்டைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்

ஜப்பானில் உள்ள இந்த டிஸ்னி கேளிக்கைப் பூங்காவின் மெடிட்டரேனியன் ஹார்பர் பகுதியில், செயற்கை எரிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது ஃபோர்ட்ரஸ் எக்ஸ்ப்ளோரேஷன்ஸ் என்ற கோட்டை. பலர் இதை வெறும் அலங்காரக் கட்டடம் என்று நினைத்துப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உள்ளே போகத் தனிக் கட்டணம் இல்லை, உயரக் கட்டுப்பாடும் இல்லை. ரைடில் ஏற முடியாத வாண்டும், ஏற விரும்பாத தாத்தாவும் சேர்ந்தே சுற்றலாம்.

சின்னப் பிள்ளைகளை முதலில் கோள்கள் அறைக்கு அழைத்துப் போங்கள். கைப்பிடியைச் சுழற்றினால் கோள்கள் நகரும். நீங்களே சுழற்றிக் காட்டிவிடாதீர்கள். எது எதை நகர்த்துகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

அடுத்து ஃபூக்கோ ஊசல், அதாவது பூமி சுழல்வதைக் காட்ட, நீண்ட கம்பியில் தொங்கி ஆடும் கனமான குண்டு. இரண்டு நிமிடம் நின்று பார்த்தால் ஒன்றும் புரியாது, அதனால்தான் பலருக்குச் சலிப்பு. அது ஆடும் திசையை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வாருங்கள். டோக்கியோவின் அட்சரேகையில் அந்தத் திசை மணிக்குச் சுமார் 9 டிகிரி வலப்புறமாகத் திரும்பும். சுழல்வது பூமி என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

வெளிக்காட்சியை இருட்டுக்குள் பிம்பமாக விழவைக்கும் கருவியான கேமரா அப்ஸ்க்யூராவுக்கு, வெளியே நல்ல வெளிச்சம் வேண்டும். இருட்டியபின் போனால் பிம்பம் மங்கிவிடும், ஆகவே பகலிலேயே பார்த்துவிடுங்கள். படிகளும் குறுகலான வழிகளும் அதிகம். குழந்தை வண்டி சரிப்படாது, முழங்கால் வலிக்காரர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். துறைமுகக் காட்சி நடக்கும் நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.