முன் பிரேக்கைத் தொடப் பயமா? அவசரமாக நிறுத்தப் பழகும் முறை

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒத்தக்கடை தாண்டி மேலூர் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் போன பஸ், சாலையோரம் கை காட்டிய ஒருவருக்காக ஒதுங்காமலேயே நின்றுவிட்டது. நான் பின் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பின் சக்கரம் இறுகிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் இழுத்தது. பஸ்ஸுக்கு நாலு அடி பின்னால் வண்டியோடு கீழே கிடந்தேன். முழங்கையில் தோல் போனதோடு தப்பித்தேன். எழுந்து தூசி தட்டும்போதுதான் உறைத்தது, வலது கையில் இருக்கும் முன் பிரேக்கை நான் தொடவே இல்லை.

காரணம் சித்தப்பா. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த முதல் நாளே, “முன் பிரேக்கப் புடிச்சா குப்புற விழுவடா” என்று சொல்லிவிட்டார். உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். மணலும் சரளையும் கிடந்த பாதையில் ஓட்டியவருக்கு அது அனுபவம்தான். தார்ச்சாலையில் அதே பேச்சைக் கேட்டால் என்னைப் போலத்தான் ஆகும்.

கிளட்ச், கியர் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஹெல்மெட் பற்றி ஒரே வார்த்தை: ஐ.எஸ். 4151 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, தாடையையும் மூடும் ஹெல்மெட். கிளிப்பை விட இரட்டை வளையத்தில் வாரைக் கோத்து இறுக்குவதுதான் எனக்குப் பிடிக்கும், கிளிப் நாளாக நாளாகத் தளர்கிறது. கையுறை போடுங்கள். விழும்போது முதலில் தரையில் ஊன்றுவது உள்ளங்கைதான். பழகப் போகும் அன்றாவது செருப்பு வேண்டாம்.

வண்டியைப் பார்ப்பது

டயரில் காற்று எவ்வளவு என்பது வண்டியிலேயே ஒட்டியிருக்கும். காலையில் வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பிடியுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் தெரியும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால், பழகுவதற்கு முன் டயர் கடைக்குப் போங்கள்.

இடம்

பள்ளி மைதானம் வேண்டாம், மண் தரை. ஊருக்கு வெளியே பிளாட் போட்டு, தார் ரோடும் போட்டு, வீடே கட்டாமல் கிடக்கும் இடம் இதற்கென்றே செய்தது போல இருக்கும். விடிகாலையில் போய், மணல் இருக்கிறதா என்று ஒரு முறை நடந்து பாருங்கள். இருந்தால் கூட்டித் தள்ளுங்கள். தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும் இடம் அது.

பின் பிரேக் மட்டும்

20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கோட்டில் பின் பிரேக்கை மட்டும் மிதியுங்கள். நின்ற இடம் வரை நடந்து எண்ணுங்கள். நாலைந்து தடவை போதும். இதில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: சக்கரம் இறுகிச் சறுக்க ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்று உங்கள் இடுப்புக்குத் தெரிய வேண்டும்.

முன் பிரேக்

நான் இரண்டு வாரம் திணறியது இங்கேதான். முதல் நாள் பயத்தில் லிவரைப் பாதிதான் பிடித்தேன், வண்டி சாவகாசமாகப் போய் நின்றது. அடுத்த நாள் வீறாப்பாக ஒரே அமுக்கு. முன் சக்கரம் ‘கிரீச்’ என்று வழுக்க, பதறிக் கையை விட்டதால் பிழைத்தேன். சித்தப்பா சொன்னது சரிதானோ என்றுகூடத் தோன்றியது.

பிறகுதான் புரிந்தது. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன் சக்கரத்துக்கு நகர்கிறது. பாரம் ஏற ஏற முன் டயர் தரையை அழுத்திப் பிடிக்கிறது. அதே நேரம் பின் சக்கரம் இலேசாகிவிடுவதால், அதை எவ்வளவு மிதித்தாலும் சறுக்கத்தான் செய்யும். ஆனால் இந்தப் பாரம் முன்னால் வந்து சேர ஒரு கணம் வேண்டும். வருவதற்குள் லிவரை அமுக்கினால், பாரமே இல்லாத சக்கரத்தை இறுக்குகிறோம். வழுக்காமல் என்ன செய்யும்?

முறுக்கு பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் அச்சை இலேசாக அழுத்துவோம், உள்ளே மாவு கெட்டிப்படும். அது கைக்குத் தெரிந்த பிறகுதான் பலத்தைக் கூட்டுவோம். லிவரும் அப்படித்தான். முதலில் இலேசாக. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் கொஞ்சம் அமுங்குவது கைப்பிடியில் தெரியும். தெரிந்ததும் கூட்டிக்கொண்டே போங்கள். பழகிவிட்டால் இந்த இரண்டு கட்டமும் ஒரே ஓட்டமாகிவிடும், கண் சிமிட்டும் நேரம்தான் ஆகும். முன் சக்கரம் வழுக்கினால் உடனே லிவரை விட்டு மறுபடி பிடியுங்கள். கைப்பிடி நேராக இருக்க வேண்டும். வளைவில் இதைச் செய்து பார்க்கவே கூடாது.

பார்வை தூரத்தில் இருக்கட்டும். நான் முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் ஒவ்வொரு முறையும் தள்ளாடினேன்.

இரண்டும் சேர்த்து

20-இல் கை பழகிய பிறகு 30, அப்புறம் 40. நிற்கப் போகும் நேரத்தில் கிளட்சைப் பிடித்தால் போதும். பலர் முதலில் கிளட்சைப் பிடித்துவிட்டு அப்புறம் பிரேக்கைத் தேடுகிறார்கள். என் 150 சிசி வண்டியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பின் பிரேக் மட்டும் பிடித்தபோது 24 தப்படி போய் நின்றது, இரண்டும் சேர்த்துப் பிடித்தபோது 13. அந்த 11 தப்படியில்தான் அன்றைக்குப் பஸ் நின்றிருந்தது.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்காகும். அது போக, 60-இல் போகும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும், நாம் விழித்துக்கொள்வதற்கே ஒரு நொடி ஆகும். அதனால் ஊருக்குள் ஓட்டும்போது இரண்டு விரலை எப்போதும் முன் லிவர் மேலேயே வைத்திருப்பேன்.

மழையில் பிடியின் பலத்தைக் குறைத்து, பிரேக்கை முன்கூட்டியே ஆரம்பியுங்கள். கோடை கழிந்து பெய்யும் முதல் மழையில் சாலையின் எண்ணெயெல்லாம் மிதக்கும். வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, பாலத்து இரும்பு இணைப்பு இவற்றின் மேல் பிரேக் பிடிக்காமல், தாண்டிய பிறகு பிடியுங்கள்.

பிறகு சேர்த்தது: முன் பிரேக்கைத் தனியாகப் பழகத்தான் வேண்டுமா என்று ஸ்கூட்டர்க்காரர்கள் கேட்டிருந்தார்கள். 2019 ஏப்ரலில் வந்த விதிப்படி, 125 சிசி வரையிலான புது வண்டிகளில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் வேலை செய்யும் ஏற்பாடோ, சக்கரம் இறுகாமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ்.ஸோ இருக்க வேண்டும். முதல் வகை ஸ்கூட்டரில் இடது லிவர் முன் சக்கரத்தையும் கொஞ்சம் பிடிக்கும். கொஞ்சம்தான். வலது லிவரைத் தனியாகப் பழகத்தான் வேண்டும்.

மறுபடி சேர்த்தது: அதே 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏ.பி.எஸ். உண்டு. அது வேலை செய்யும்போது லிவர் கைக்குள் துடிக்கும். ஒருவர் பயந்து கையை விட்டுவிட்டாராம். விடாதீர்கள், பிடித்தபடியே இருங்கள். ஒற்றைச் சேனல் என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் அந்தப் பாதுகாப்பு, பின் சக்கரம் பழையபடி இறுகும்.

இன்னொன்று: என் தங்கை இதைப் படித்துவிட்டுப் பழகப் போனாள். எவ்வளவு முயன்றும் அவள் வண்டி கோட்டைத் தாண்டி வெகு தூரம் ஓடியது. பயம் என்று நினைத்து நான் கத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் டிரம் பிரேக் கேபிள் தொங்கிப்போய், லிவர் கைப்பிடி வரை வந்து இடித்தது. சக்கரத்துப் பக்கம் இருக்கும் நட்டை மூன்று சுற்று திருகி, சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னேன். அவள் வண்டி என் கணக்குக்கு ஒரு தப்படி முன்னாலேயே நின்றது.