பழைய அமெரிக்க நாவல நம்மட ஊர்ல இருந்து எப்பிடி வாசிக்கிற

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில என்ட வீட்டு விறாந்தையில சனிக்கிழமை பின்னேரம் ஆறேழு பேர் சேர்ந்து இங்கிலீஷ் நாவல் வாசிக்கிறம். ரெண்டு ஏ.எல் புள்ளயள், ஒரு நர்ஸ், மத்தவங்க என்னப்போல வீட்டுல இரிக்கிற பொம்புளயள். எப்பிடி வாசிக்கிற, எங்க தொடங்கிற எண்டு கேட்டுக்கொண்டே இரிக்காங்க, அதான் நாங்க செய்யிறத அப்பிடியே எழுதுறன்.

முதல்ல நோட்ஸ ஒரு பக்கம் வைங்க. நான் படிச்ச காலத்துல டியூசன் நோட்ஸ்ல வர்க்கம், பாகுபாடு, பெண்களின் நிலை எண்டு மூணு தலைப்பு, ஒவ்வொண்டுக்கும் கீழ அஞ்சு பொயின்ட், அத பாடமாக்கி எழுதி நல்ல ரிசல்ட்டும் எடுத்தன், ஆனா அந்தப் புத்தகத்துக்குள்ள நான் போகவே இல்ல எண்டு எனக்கு முப்பது வயசு தாண்டினாப் பிறகுதான் விளங்கிச்சு. சாதி பாக்கிறவன் நான் பாக்கிறன் எண்டு சொல்லிட்டா பாக்கிறான்? கூப்பிடுற விதத்துல தெரியும், கோப்பை வைக்கிற இடத்துல தெரியும், இருக்கச் சொல்லுற கதிரையில தெரியும். நாவல்லயும் அங்கதான் தேடணும்.

அதனால ஒரு பென்சில் எடுங்க. ஆர் ஆர எப்பிடிக் கூப்பிடுறாங்க எண்டு மட்டும் கோடு போட்டுக்கொண்டு வாங்க. இங்கிலீஷ்ல நீ, நீங்க எல்லாத்துக்கும் ஒரே 'யூ'தான், அதனால மரியாத எங்க இரிக்கி எங்க இல்ல எண்டு நமக்கு டக்கெண்டு பிடிபடாது. மேம், மிஸ், மிஸ்டர், சேர் (sir), போய் (boy), இந்தச் சொல்லுகள்லதான் அது ஒளிஞ்சிருக்கும்.

இத பழக ஹார்ப்பர் லீ 1960ல எழுதின 'டு கில் எ மொக்கிங்பேர்ட்' நல்ல புத்தகம். 1930கள்ல அலபாமாவுல ஒரு சின்ன டவுன்ல நடக்கிற கதை. டொம் றொபின்சன் எண்ட கறுப்பு மனுசன், பொஞ்சாதி புள்ள இரிக்கிற ஆள், அவர கோர்ட்டுல வச்சு அரசாங்க வக்கீல் 'போய்' 'போய்' எண்டுதான் கூப்பிடுறார். நம்மட வாயால சொன்னா, டேய் பொடியன் எண்ட மாதிரி. பாத்துக்கொண்டிருந்த டில் எண்ட சின்னப் பொடியன் தாங்கேலாம அழுறான். பெரிய ஆக்கள் ஒருத்தருக்கும் அது வித்தியாசமாப் படல்ல, அந்தச் சின்னவனுக்குத்தான் படுது. அதே கோர்ட்டுல டொம் மேல பொய்ப் பழி போட்ட மெயெல்லா, பத்தொம்பது வயசு வெள்ளக்காரப் புள்ள, குப்ப மேட்டுக்குப் பக்கத்துல இரிக்கிற பரம ஏழை. அவள டொம்முக்காக வாதாடுற வக்கீல் அட்டிக்கஸ் 'மேம்' எண்டு கூப்பிட, தன்னப் பகிடி பண்ணுறார் எண்டு கோவிக்கிறாள். பிறந்து இவ்வளவு காலத்துல அவள ஒருத்தரும் மரியாதயாக் கூப்பிட்டதில்ல, அதான் மரியாத கிடைக்கக்குள்ள அது மரியாத எண்டே அவளுக்குத் தெரியல்ல. இந்த இடத்துல எங்கட கூட்டத்துல ஒரு மணித்தியாலம் நிண்டுட்டம். அவள்ட வளவுல ஒரு மூலையில ஆறு உடைஞ்ச எனாமல் சட்டியில சிவப்பு ஜெரேனியம் பூ, அத மட்டும் பாசமா வளக்கிறாள். நம்மட பக்கம் பழைய தயிர்ச் சட்டியில பூக்கண்டு வைக்கிற ஆக்கள் ஞாபகம் வந்தாங்க. ஆனா கவனம், இரக்கப்பட்டு மற்றத மறந்திராதீங்க, அவள்ட பொய்யாலதான் டொம் செத்தது. ரெண்டையும் ஒண்டாப் பிடிக்கப் பழகணும், இதான் இந்தப் புத்தகத்துல கஷ்டமான வேல.

மறுகா சாப்பாட்டப் பாருங்க. ஆர் எங்க இருந்து சாப்பிடுறாங்க, சமைச்சது ஆர். மூணாவது அத்தியாயத்துல வோல்ட்டர் எண்ட ஏழைப் பொடியன், கதைய சொல்லுற அட்டிக்கஸ்ட மகள் ஸ்கவுட் வீட்டுக்குச் சாப்பிட வந்து மரக்கறி இறைச்சி எல்லாத்துக்கும் மேல பாணிய ஊத்துறான், ஸ்கவுட் வாய் விட்டுக் கேட்டுர்றாள், அவன் வெக்கப்பட்டுத் தலையக் குனியிறான். சமைக்கிற கல்பூர்னியா, அவவும் கறுப்புப் பொம்புள, ஸ்கவுட்ட குசினிக்குள்ள கூப்பிட்டு, வீட்டுக்கு வந்தவன் மேச விரிப்பத் திண்டாலும் நீ பாத்துக்கொண்டிருக்கணும் எண்ட மாதிரி ஏசுறா. எனக்கு இது சும்மா கடந்து போற இடமில்ல. நாங்க பள்ளிக்கூடம் போற காலத்துல மண்டூர்ப் பக்கம் இருந்து குருமண்வெளித் துறையால தோணியில வந்து படிச்ச ஒரு புள்ள இருந்தாள். பழஞ்சோத்துல தயிரும் வாழப்பழமும் பிசைஞ்சு கொண்டாருவாள், வாவிக்கு அங்கால படுவான்கரைச் சாப்பாடு எண்டு நாங்க சிரிச்சம், நானும் சிரிச்சன், அவள் மூடிய மூடி வச்சிட்டு பின்னேரம் வரைக்கும் பட்டினி இருந்தாள். எங்கள ஒருத்தரும் குசினிக்குள்ள கூப்பிட்டு ஏசல்ல. இப்பிடி உங்கட கதை ஒண்டு ஞாபகம் வந்தா அந்தப் பக்கத்து ஓரத்துல எழுதி வைங்க.

மூணாவது வீடும் காசும். இதுக்கு எடித் வோர்ட்டன்ட 'த ஹவுஸ் ஒஃப் மேர்த்', 1905ல வந்தது, பழசு எண்டபடியா பழைய புத்தகங்கள் போடுற ப்ரொஜெக்ட் குட்டன்பேர்க் சைட்ல ஃப்ரீயா எடுக்கலாம். இங்கிலீஷ் கொஞ்சம் கடினம், முதல் அத்தியாயத்த மூணு தரம் வாசிங்க, மறுகா ஓடும். லிலி பார்ட், இருபத்தொம்பது வயசு, நல்ல வடிவு, நியூயோர்க் பணக்காரக் கூட்டத்துல வளந்தவள், தாய் தகப்பன் இல்ல, கையில காசு இல்ல, மாமி வீட்டுல இரிக்காள். இதுக்கு ஒரு கொப்பி எடுத்து அவள்ட கணக்க எழுதுங்க, காசு எங்கயிருந்து வருது, சீட்டாட்டத்துல எவ்வளவு போகுது, உடுப்புக்கு எவ்வளவு, ஆருக்குக் கடன். கூட்டாளிட புருசன் உதவி செய்யிறன் எண்டு குடுத்த காசு கிட்டத்தட்ட ஒம்பதாயிரம் டொலர், மாமி செத்து அவளுக்கு எழுதி வச்சது பத்தாயிரம், மிச்சச் சொத்தெல்லாம் வேற ஆளுக்கு. இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க, கதையிட முடிவு அங்கயே இரிக்கி.

எங்கட ஏ.எல் புள்ள கேட்டாள், அவளுக்கு ஏன் வீடு இல்ல எண்டு. நம்மட பக்கம் வீடு பொம்புளப் புள்ளைக்குத்தானே, கலியாணம் முடிச்சு மாப்புள நம்மட வீட்டுக்கு வாறார், குடி எண்டுற குலமும் தாய் வழியாத்தான் வருது. லிலிக்கு ஒரு வளவும் ரெண்டு அறையும் இருந்திருந்தா அந்தக் கதையே வேற. ஆனா நான் அவளுக்கு மத்தப் பக்கத்தையும் சொன்னன், என்ட வீட்டக் கட்ட என்ட அண்ணன் கட்டார்ல பதினொரு வருசம் நிண்டவர், தான் கலியாணம் முடிக்கக்குள்ள நாப்பது வயசு. வீடு இல்லாட்டி அந்தப் புள்ளைக்கு மாப்புள இல்ல எண்டுற ஊரும் இதுதான். ஒப்பிடக்குள்ள நம்மட பக்கத்த உயத்தி வச்சிக்கொண்டு ஒப்பிடாதீங்க.

சட்டத்தையும் வருசத்தையும் கொஞ்சம் தெரிஞ்சி வைங்க, அதிகம் வேணாம். அமெரிக்காவுல பொம்புளயளுக்கு வாக்குரிம அரசியலமைப்புல வந்தது 1920, இலங்கையில 1931. தெற்கு மாநிலங்கள்ல கறுப்பு ஆக்களுக்கு அது உண்மையா கைக்கு வர 1965 வாக்குரிமைச் சட்டம் தேவைப்பட்டுது. அலபாமாவுல பொம்புளயள் ஜூரியில இருக்கேலாது, 1966ல கோர்ட் தீர்ப்பு வரும் வரைக்கும். அத அட்டிக்கஸ் புள்ளயளுக்குச் சொல்லக்குள்ள, பொம்புளயள் இருந்தா கேள்வி கேட்டுக் கேட்டே வழக்கு முடியாது எண்டு சொல்லுறார், புள்ளயளும் சிரிக்குதுகள். நல்ல மனுசன்தான், ஆனா அந்தச் சிரிப்புல கோடு போடுங்க.

எழுதினவங்களையும் விட்டுராதீங்க. வோர்ட்டன் பொம்புளயள்ட நிலமைய அவ்வளவு கூர்மையாப் பாத்தவ, ஆனா றோஸ்டேல் எண்ட யூத ஆள எழுதுற விதத்துல அந்தக் காலத்து யூத வெறுப்பு அப்பிடியே இரிக்கி. மொக்கிங்பேர்ட்லயும் கல்பூர்னியாட வாழ்க்கைய சேர்ச்சுக்குப் போற ஒரு நாள்லதான் நாம கொஞ்சம் பாக்கிறம். அதனால மூணாவது புத்தகமா கறுப்புப் பொம்புள எழுதினத வாசிக்காம நிப்பாட்டாதீங்க, சோரா நீல் ஹேர்ஸ்டன்ட 'தெயர் ஐஸ் வேர் வோச்சிங் கோட்', 1937. அதுல ஆக்கள் கதைக்கிறது அவங்கட ஊர்ப் பேச்சு, கண்ணால வாசிச்சா தலை சுத்தும், வாய் விட்டு சத்தமா வாசிங்க, விளங்கும். நாம 'மறுகா' எண்டு சொல்ல வெளியூர் ஆக்கள் சிரிக்கிறாங்களே, அந்த மாதிரிப் பேச்ச அந்த மனுசி அப்பிடியே புத்தகத்துல ஏத்தியிரிக்கா.

அதுல கதைநாயகி ஜேனிட புருசன், கடையில நிக்கக்குள்ள மத்த ஆம்புளயள் அவள்ட தலமயிரப் பாக்கப்படாது எண்டு துணியால கட்ட வைக்கிறான், இருவது வருசத்துக்குக் கிட்ட. அவன் செத்து அடக்கம் முடிஞ்ச ராவு, தலையில கட்டின துணி எல்லாத்தையும் அவள் எரிச்சிட்டு அடுத்த நாள் தலமயிரப் பின்னித் தொங்க விட்டுக்கொண்டு வாறாள்.

இங்கிலீஷ் தெரியாத ஆக்களுக்கும் கதைய வாயால சொல்லுங்க, எங்கட கூட்டத்துல அது ஒரு பழக்கம். என்ட பெரியம்மாக்கு 1990ல புருசன் இல்லாமப் போச்சு, அண்டைக்கு இருந்து இண்டைக்கு வரைக்கும் கலியாண வீட்டுல முன்னுக்கு வரமாட்டா, பின்னால குசினிப் பக்கம்தான் நிப்பா. ஜேனிட கதைய அவக்குச் சொன்னன். வெத்தில மெண்டுகொண்டு முழுக்கக் கேட்டா, ஒண்டும் சொல்லல்ல, கடைசியா, ஒத்தப் பின்னலா ரெட்டப் பின்னலா மனே எண்டு கேட்டா.

ஒத்தப் பின்னல் பெரியம்மா, இடுப்புக்குக் கீழ வரைக்கும்.