மிச்ச டீயைக் கப்போடு போடாதீர்கள்

எங்கள் அலுவலகம் வேலூர் சத்துவாச்சாரியில். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. பால் கலந்த எதுவும் குப்பைத் தொட்டியில் அரை நாள்கூடத் தாங்காது. பாதி குடித்த டீயைக் கப்போடு போட்டால் பைக்கு அடியில் தேங்கி நிற்கும். மாலையில் பையைத் தூக்கும் அக்காவின் புடவையில்தான் அது ஒழுகும்.

டீ, மோர், ஜூஸ் எதுவானாலும் முதலில் சிங்க்கில் கொட்டி, பின்னாலேயே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம் காலி கப்பைத் தொட்டியில் போடலாம். கொட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றாமல் போனால் பத்தே நிமிடத்தில் எறும்பு வரிசை கட்டிவிடும்.

ஆம்பூர் பிரியாணி வாங்கும் நாள்தான் பெரிய வம்பு. கத்தரிக்காய்த் தொக்கைச் சிங்க்கில் கழுவி விடாதீர்கள், எண்ணெய் குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். தொக்கையும் எலும்பையும் பழைய செய்தித்தாளில் மடித்து மக்கும் குப்பையில் போடுங்கள். டப்பாவைத் துடைத்து மக்காத குப்பையில். மேஜைக்கு அடியில் இருக்கும் தொட்டியில் மட்டும் வேண்டவே வேண்டாம். பக்கத்து இருக்கைக்காரர் பாவம்.

பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்து வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.