இயற்பியல் எந்த ஆண்டில்? கணக்கு நோட்டைக் காட்டுங்கள், சொல்கிறேன்

பிப்ரவரி பிறந்துவிட்டால் நியூ ஜெர்சியில் எங்கள் தமிழ்ப் பள்ளி வாசலில் இந்தக் கேள்வி வந்துவிடும். அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவம் பிள்ளைகளின் கைக்கு வந்திருக்கும். "அக்கா, பையன் பத்தாவது போகிறான். இயற்பியலை இப்போதே எடுக்கட்டுமா, பன்னிரண்டாவது வரை தள்ளிப் போடலாமா?" நான் திருச்சியில் இயற்பியல் முதுகலை படித்தவள், இரண்டு பிள்ளைகளை இங்கே உயர்நிலைப் பள்ளியில் படிக்க வைத்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இப்போது என்ன கணக்கு படிக்கிறான்?"

நமக்கு இந்தக் குழப்பம் புதிது. நம் ஊரில் பத்தாவது வரை அறிவியல் ஒரே பாடம். பிளஸ் ஒன்னில் இயற்பியலும் வேதியியலும் கைகோத்துக்கொண்டு வரும். இங்கே பெரும்பாலும் ஆண்டுக்கு ஓர் அறிவியல்: ஒன்பதில் உயிரியல், பத்தில் வேதியியல், பதினொன்றில் இயற்பியல். சில பள்ளிகள் இதைத் தலைகீழாக்கி, இயற்பியலை ஒன்பதிலேயே வைக்கின்றன. 1988இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க இயற்பியலாளர் லியோன் லெடர்மன் இதற்காக வெகுவாக வாதாடினார். அணுவைப் புரிந்துகொள்ளாமல் வேதியியலும், மூலக்கூறைப் புரிந்துகொள்ளாமல் உயிரியலும் எப்படிப் படிப்பது என்பது அவர் பக்க நியாயம். அந்த வகுப்புக்கு அல்ஜீப்ரா 1 போதும்; பயப்படாமல் சேருங்கள். ஆனால் அது அடித்தளம் மட்டுமே. பொறியியல் படிக்க நினைக்கும் பிள்ளை பின்னால் இன்னொரு முறை இயற்பியல் எடுக்க வேண்டியிருக்கும்.

சிக்கல் ஏ.பி. (Advanced Placement) வகுப்புகளில்தான், அதாவது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்களில். என் மகனைப் பத்தாம் வகுப்பிலேயே ஏ.பி. பிசிக்ஸ் 1இல் சேர்த்தேன். அதே ஆண்டுதான் அவனுக்கு வடிவியலும். அக்டோபரில் சாய்தளத்தில் இறங்கும் கட்டை வந்துவிட்டது. விசையைச் சைன், கொசைன் கொண்டு இரண்டாகப் பிரிக்க வேண்டும். அவனுடைய வடிவியல் வகுப்பில் சைன், கொசைன் வந்தது மார்ச்சில். இடைப்பட்ட ஐந்து மாதமும், தனக்கு இயற்பியல் வராது என்றே நம்பிக்கொண்டிருந்தான். நன்றாகப் படிக்கிற பிள்ளை. அவசரம் என்னுடையது. இன்றும் அதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

வடிவியலை முடித்து, அல்ஜீப்ரா 2ஐ உடன் படித்துக்கொண்டிருந்தால் ஏ.பி. பிசிக்ஸ் 1 எடுக்கலாம் என்பதே ஏ.பி. தேர்வுகளை நடத்தும் கல்லூரி வாரியத்தின் (College Board) பரிந்துரை. பிள்ளை தயாரா என்பதை வீட்டிலும் சோதித்துப் பாருங்கள். ஒரு மீட்டர் நூலில் பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு, சிறிதாக ஆட்டி, இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைப் பிள்ளையை அளக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 40 நொடி வரும். பிறகு அலைவு நேர வாய்பாட்டைக் கொடுத்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வர்க்கமூலத்துக்குள் இருப்பதைத் தயங்காமல் வெளியே எடுத்து 9.8க்குப் பக்கத்தில் வந்து நின்றால் பிள்ளை தயார். திணறினால் அந்த ஆண்டு ஹானர்ஸ் இயற்பியல் (சாதாரண வகுப்பைவிடச் சற்றுக் கடினம், ஏ.பி. அளவுக்கு இல்லை) போதும், அல்லது ஓர் ஆண்டு பொறுக்கலாம்.

ஏ.பி. பிசிக்ஸ் சி வேறு. இயக்கவியல், மின்காந்தவியல் என்று அது இரண்டு பாடங்கள். இரண்டுக்கும் கால்குலஸ் வேண்டும், குறைந்தபட்சம் உடன் படித்துக்கொண்டாவது இருக்க வேண்டும். பொறியியல் கல்லூரிகள் முதலாண்டில் கேட்பது இந்த வகை இயற்பியலைத்தான். என் மகள் பதினொன்றில் ஹானர்ஸும் பன்னிரண்டில் கால்குலஸோடு சேர்த்து இயக்கவியலும் எடுத்தாள். திசைவேகம் ஏன் வகைக்கெழு என்று ஒரே வாரத்தில் இரண்டு வகுப்பிலும் கேட்டு வந்து, சமையலறையில் எனக்கே விளக்கிச் சொன்னாள்.

இன்னொன்று: 2024-25 முதல் பாய்மங்கள் பகுதி பிசிக்ஸ் 2இலிருந்து 1க்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணனின் பழைய பயிற்சிப் புத்தகத்தை நம்பி இருந்துவிடாதீர்கள்.

பன்னிரண்டு வரை தள்ளினால் விண்ணப்பத்துக்குப் பாதகமா என்றும் கேட்கிறார்கள். முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கெடு; அதற்குள் பன்னிரண்டாவது மதிப்பெண் ஏறாது, பாடத்தின் பெயர் மட்டுமே தெரியும். ஏ.பி. தேர்வும் மே மாதம்தான். ஆகவே பொறியியலோ இயற்பியலோ குறிக்கோள் என்றால், ஏதாவது ஓர் இயற்பியல் வகுப்பைப் பதினொன்றுக்குள் முடித்துவிடுவது நல்லது. பரிந்துரைக் கடிதம் எழுத, பிள்ளையை ஓர் ஆண்டு பார்த்த ஆசிரியரும் கிடைப்பார். பிற துறைகளை நாடும் பிள்ளைகள் பன்னிரண்டில் நிதானமாக எடுத்துக்கொள்ளலாம்.

படிவத்தில் கையெழுத்திடும் முன் பள்ளிக் கவுன்சிலரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். பிசிக்ஸ் சி எடுக்க, முன்னதாக வேறு இயற்பியல் வகுப்பை முடித்திருக்க வேண்டுமா? செப்டம்பரில் வகுப்பு ஒத்துவரவில்லை என்றால், எந்தத் தேதிக்குள் மாற்றலாம்? அந்தத் தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நான் குறிக்கவில்லை, மகனுக்கு மாறக் கிடைத்த வாய்ப்பு அப்படித்தான் கைநழுவிப் போனது.