மெல்லிய குழாயில் ரேடியேட்டரைச் சுத்தமாக இணைப்பது எப்படி?

8 அல்லது 10 மில்லிமீட்டர் குழாயில் வெந்நீர் ஓடி, சுவரில் மாட்டிய ரேடியேட்டர் வழியே அறையைச் சூடாக்கும் ஹீட்டிங் அமைப்பில் பிசிறில்லாத வெட்டும் நேரான குழாயும் கண்ணுக்கு மட்டுமல்ல, தண்ணீர் ஓட்டத்துக்கும் தேவை.

முதலில் ரேடியேட்டரை மாட்டி ரசமட்டம் பாருங்கள். இருபுறமும் வால்வுகளைக் கையால் திருகிவிட்டு, குழாய் நுழையும் வாயின் நடுவிலிருந்து சுவரிலோ தரையிலோ குறியிடுங்கள். ரேடியேட்டரின் அகலத்தை மட்டும் நம்பித் துளை போட்டால் குழாய் கோணலாகத்தான் வந்து சேரும். வால்வு ஒவ்வொரு பக்கமும் சில சென்டிமீட்டர் வெளியே நீள்கிறது. குழாயைத் தரையிலிருந்து எடுப்பதைவிடச் சுவரிலிருந்து எடுப்பது நல்லது: கீழே கூட்டித் துடைக்கலாம், கால் இடறாது.

சுருளாக வரும் செம்புக் குழாயை வளைக்கக் கை பெண்டர் வேண்டும். முழங்காலில் வைத்து வளைத்தால் நசுங்கும். நசுங்கிய துண்டை வெட்டி எறிந்துவிடுங்கள். சுவருக்குள் மூட்டு வேண்டாம். சிமென்ட் பூச்சுக்குள் போகும் செம்புக்கு பிளாஸ்டிக் உறை போடுங்கள்.

ரேடியேட்டருக்குள் போகும் வால்வு முனையில் பொதுவாக அரை இன்ச் மரை இருக்கும். அது பளபளவென்றிருந்தால் டெஃப்லான் டேப் வழுக்கிச் சுருண்டுவிடும். ஹேக்ஸா பிளேடால் மரையை லேசாகக் கீறிவிட்டு, முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகாரச் சுற்றில் 10 முதல் 12 சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள்.

அதிகம் பிழை நடப்பது வெட்டுமிடத்தில். சக்கரக் கட்டர் குழாயின் வாயை உள்பக்கமாக மடக்கிவிடும். 8 மி.மீ. செம்புக் குழாயின் உள்விட்டம் 6.8 மி.மீ. தான், சுற்றிலும் அரை மி.மீ. விளிம்பு நின்றால் வழியில் கால் பங்குக்கு மேல் போய்விடும். அதைச் சுரண்டி எடுத்து, தூளைத் தட்டிவிடுங்கள்.

15 மி.மீ. வால்வு என்றால் அதன் பித்தளை வளையத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 15-க்கு 10 (அல்லது 8) ரிட்யூசர், அதாவது வாயின் அளவைக் குறைக்கும் துண்டு, வையுங்கள். குழாயை அடிவரை தள்ளி, நட்டைக் கையால் இறுக்கி, வால்வை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு மறு ஸ்பானரால் நட்டை முக்கால் சுற்று. அதற்கு மேல் பலத்தைக் காட்டினால் ரிட்யூசரில் உள்ள சிறு வளையம் மெல்லிய குழாயை நெரித்துவிடும்: ஒழுகாது, ஆனால் ரேடியேட்டரும் சூடாகாது. குரோம் குழாயில் வளையம் உட்காரும் இடத்தில் பூச்சை உரசி எடுங்கள், இல்லையேல் அது பிடிக்காது. பிளாஸ்டிக் குழாய்க்கு அதன் வாய்க்குள் செருகும் உள்ளுறை கட்டாயம். அதன் மூட்டில் எண்ணெய் சார்ந்த பேஸ்ட் பூசக் கூடாது. வெள்ளை பிளாஸ்டிக் கண்ணை உறுத்தினால் வால்வை மாட்டும் முன்பே 15 மி.மீ. குரோம் உறையைக் கோத்துவிடுங்கள். பிறகு கோக்க முடியாது.

தண்ணீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றி, குளிர்ந்த நிலையில் ஒரு முறையும் சூடேறிய பின் ஒரு முறையும் மூட்டுகளை உலர்ந்த டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) சுற்று இறுக்கினால் போதும்.

பழைய அமைப்பாக இருந்தால் இணைக்கும் முன் குழாயைக் கழுவிவிடுங்கள். கரிய இரும்புச் சேறு முதலில் அடைப்பது இந்த மெல்லிய வழிகளைத்தான். திரும்பும் குழாயில், பாய்லருக்கு முன்னால், காந்த வடிகட்டியும், தண்ணீரில் துருத்தடுப்பு மருந்தும் இருக்க வேண்டும்.